துறந்தவனுக்கு நெருப்பு எதற்கு?

வீட்டை விட்டுப் புறப்படுகிறவன் நெருப்பையும் விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வியை நம் சாஸ்திரகாரர்கள் வெகு சிரத்தையோடு விசாரித்திருக்கிறார்கள். நித்தியம் அக்னிஹோத்திரம் செய்கிற கிருகஸ்தனுக்கு யாத்திரை போக நேர்ந்தால், அவன் தன் அக்னியை அரணிக் கட்டைகளிலோ தன்னிடத்திலோ மந்திரபூர்வமாக ஏற்றிக்கொண்டு போய், தங்குகிற இடத்தில் அதை மறுபடி இறக்கி வளர்க்கலாம் என்று சிரௌத விதி இடம் கொடுக்கிறது. இதற்குச் சமாரோபணம் என்று பெயர். சன்னியாசம் வாங்கிக்கொள்கிறவனோ அந்த அக்னியைத் தன்னுள் ஏற்றிக்கொண்ட பிறகு இறக்குவதே இல்லை. வீடும் நெருப்பும் இல்லாதவனாகத் திரிவதே மனு அவனுக்கு விதிக்கிற தர்மம். ஆயினும் கீதையின் ஆறாம் அத்தியாயம் தொடங்கும்போதே, அக்னியை விட்ட ஒன்றினாலேயே ஒருவனைச் சன்னியாசி என்று ஒப்புக்கொள்ள முடியாது என்ற கருத்தைக் கண்ணபிரான் வற்புறுத்துகிறான். ஆகவே நெருப்பைப் பற்றிய கேள்வி, எதை விட்டால் துறவு ஆகும் என்ற பெரிய கேள்விக்குள் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது.

இந்த விசாரம் இப்போது, யாகசாலையின் வாடையே அறியாத ஐரோப்பியச் சாலைகளில் வேறொரு வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. குடியிருந்த வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு, ஒரு வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் அலமாரியும் பொருத்திக்கொண்டு, நார்வேயின் கடலோரத்திலும் ஆல்ப்ஸ் மலைச் சரிவிலும் காலம் கழிக்கிறவர்கள் அங்கே உண்டு. சிலருக்கு அது உல்லாசம். சிலருக்கு வாடகை கட்டுப்படியாகாததன் விளைவு. இன்னும் சிலரோ உடைமையைச் சுருக்கி வாழ்வதை ஒரு விரதமாகவே கொண்டவர்கள். இந்த மூன்றாம் வகையாரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வோக்ஸ்வாகன் வேனுக்குள் வெஸ்ட்ஃபாலியா கம்பெனியார் 1951 முதல் படுக்கையும் பலகையும் வைத்துக் கொடுக்கத் தொடங்கிய காலத்திலேயே குளிர் ஒரு குறையாக இருந்தது. எஞ்சின் பின்புறத்தில், அதைக் குளிர்விப்பது தண்ணீர் அன்று, காற்று. புகைக்குழாயின் சூட்டைத் தொட்டு வந்த காற்றே வண்டிக்குள் வெப்பம் தரவேண்டும். முன்னிருக்கையை எட்டுவதற்குள் அது பெரும்பாலும் ஆறிப்போகும், எஞ்சினை நிறுத்தினால் அதுவும் இல்லை. எஞ்சின் உறங்கும்போதும் தானே எரியும் ஹீட்டர்களை எபெர்ஸ்பேச்சர், வெபாஸ்டோ முதலிய ஜெர்மன் கம்பெனிகள் செய்து தருகின்றன; நிறுத்திய வண்டியில் குளிர்காலத்தைக் கழிப்பது இவற்றால் எளிதாயிற்று.

அந்த ஹீட்டரைப் பொருத்துகிற விதம் கவனிக்கத் தக்கது. இருக்கைக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ தளத்தின் தகட்டை வட்டமாக அறுத்து, அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு ஏறாதிருக்கப் பெயிண்ட் பூசி, அதன்மேல் இரும்புத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து முடுக்குகிறார்கள். வண்டியின் டாங்கிலிருந்து ஒரு சிறிய பம்ப் டக் டக்கென்று அடித்துக்கொண்டு டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தில் பழுக்கக் காய்ந்த ஒரு குச்சி அதைப் பற்றவைக்கிறது. எரிவதற்கு வேண்டிய காற்றைத் தளத்துக்குக் கீழிருந்து ஒரு குழாய் இழுக்கிறது. இன்னொரு குழாய் புகையை வெளியே கொண்டுபோய்த் தள்ளுகிறது. தள்ளிய புகையே திரும்ப உள்ளே இழுக்கப்படாதபடி இரண்டின் வாய்களையும் விலக்கி வைக்க வேண்டும். மனிதர் சுவாசிக்கும் காற்றோ, ஜ்வாலையைச் சூழ்ந்த அலுமினியச் சுவரின் புறத்தே ஓடிச் சூடேறி அறைக்குத் திரும்புகிறது. நெருப்பின் மூச்சும் மனிதனின் மூச்சும் ஒரு மெல்லிய சுவரின் இரு புறங்களிலும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. அந்தச் சுவரில் விரிசல் கண்டாலோ, புகைக்குழாயின் இணைப்புத் தளர்ந்தாலோ, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொண்டு, தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே முடித்துவிடும்.

ஆகவே இந்த நெருப்பு, வைத்திருப்பவனிடம் நியமத்தை எதிர்பார்க்கிறது. 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்குச் சுமார் 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை டீசலை உண்ணும். டாங்கில் எவ்வளவு மிச்சம், விடிகிறவரை பாட்டரி தாங்குமா என்று படுக்கப்போகுமுன் கணக்குப் பார்க்காமல் தீராது. அணைத்தவுடன் எல்லாம் அடங்கிவிடுவதும் இல்லை. உள்ளே சூடு தணிகிறவரை விசிறி சில நிமிஷம் ஓட வேண்டும், அவசரப்பட்டு மின்சாரத்தைத் துண்டித்தால் கருவி கெடும். எனக்கு மிகவும் ருசித்தது மற்றொன்று. சிக்கனத்தை உத்தேசித்து மிகத் தணிவாகவே நாள்கணக்கில் எரியவிட்டால், எரிப்பு நிறைவுறாமல் உள்ளே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். ஆகையால் இடையிடையே அதை முழு வேகத்தில் எரியவிட வேண்டும். மலையில் சுமார் 1500 மீட்டருக்கு மேலே போனால் காற்று மெலிந்துவிடுவதால் டீசலையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும், இல்லையேல் அங்கேயும் அதே கரிதான். குறைக்கக் குறைக்கப் புண்ணியம் என்று எண்ணும் துறவு மனோபாவத்துக்கு இது சற்றுச் சங்கடமான சாட்சி. முற்சொன்ன ஆறாம் அத்தியாயத்திலேயே யோகிக்குப் பெருந்தீனியோடு பெரும்பட்டினியும் விலக்கப்பட்டிருப்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

ஐரோப்பியத் துறவிகளுக்கும் இந்தத் தர்மசங்கடம் புதிதன்று. யார்க்‌ஷயரில் 1132இல் தோன்றி, விரைவிலேயே சிஸ்டெர்சியர் சபையைச் சேர்ந்த ஃபவுண்டன்ஸ் மடம் இப்போது கூரையிழந்து நிற்கிறது. அதில் சந்நியாசிகள் குளிர்காய்வதற்கென்றே ஓர் அறையும், அதில் ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய கணப்பும் இன்றும் காணலாம். உணவிலும் உடையிலும் உறக்கத்திலும் அவ்வளவு கடுமை காட்டிய அந்தச் சபையார், சமையலறையும் நோயாளிகளின் விடுதியும் நீங்கலாக, மடத்துக்குப் பொதுவாக அந்த ஒரு நெருப்பை அனுமதித்தார்கள். விறைத்த கையோடு அங்கே வந்து காய்ந்துவிட்டு, மறுபடியும் குளிர்ந்த கோயிலுக்குத் திரும்ப வேண்டும். நெருப்பை அவர்கள் துறக்கவில்லை. நெருப்பு எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுவதற்குத்தான் இடம் வைக்கவில்லை. நம் அக்னிஹோத்திரி யாத்திரையில் செய்ததும் ஏறக்குறைய அதுவே. சுவரிலுள்ள ஒரு குமிழைத் திருகி, எங்கோ எரிகிற எதனாலோ சூடேறும் மாடிவீட்டில் இருப்பவனைக் காட்டிலும், பம்பின் ஓசையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் வேன்வாசி இவர்களுக்குக் கிட்டத்து உறவினன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உறங்குகிறவர்களின் மூச்சாலும் சமையலாலும் எழும் ஈரம் குளிர்ந்த தகட்டில் நீராக வழியும். இதற்காகவும் விஷவாயுவுக்கு அஞ்சியும் கூரையிலும் தளத்திலும் உள்ள காற்றுத் துளைகளைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. வெளியே கொட்டும் பனியில் அந்தத் துளைகளைத் துணியால் அடைத்துக்கொள்ளச் சொல்கிற ஆசை லேசானதன்று, அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இப்போதோ ஹீட்டரைக் கைப்பேசியாலேயே தூரத்திலிருந்து முடுக்கிவிட்டு, மலையிறங்கி வருவதற்குள் வண்டியைக் கதகதப்பாக்கிக்கொள்ளவும் முடிகிறது. ஈரத் துணியோடு திரும்புகிறவனுக்கு அது உபகாரம்தான். அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆளில்லாத இடத்தில் அவனுக்காக நெருப்பு காத்திருக்கும் என்றால், அவனைச் சக்கரத்தின்மேல் வீடு கட்டிக்கொண்ட கிருகஸ்தன் என்றே நான் எண்ணுவேன். கிருகஸ்தாசிரமம் இழிவானது என்று யாரும் சொல்லாதபோது, அதில் அவனுக்கு வருத்தம் உண்டாக நியாயமும் இல்லை.