ஏடும் முகமும்

புறநோயாளியாகச் செல்பவர் மருத்துவரின் முன் அமர்ந்திருப்பது சில நிமிடங்களே. அச்சில நிமிடங்களில் மருத்துவருக்குக் கடமைகள் இரண்டு. நோயாளியின் பழைய வரலாற்றை நினைவிற் கொள்வது ஒன்று. இன்று அவர் சொல்வதைச் செவிமடுப்பது மற்றொன்று. முன்னதைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். பின்னதையும் ஒப்படைக்க இயலுமா?

குறிப்பெழுதுதல் மருத்துவத்துக்குப் புதிதன்று. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த அபூபக்கர் அர்-ராஸீ, முன்னோர் நூல்களினின்று எடுத்தவற்றோடு தாம் கண்ட நோயாளிகளைப் பற்றியும் எழுதி வைத்தார். அவர் மறைவுக்குப் பின் அக்குறிப்புகளைத் திரட்டியதே ‘அல்-ஹாவீ’ என்னும் பெருநூல். அங்கே பார்வை முந்தியது, எழுத்து பிந்தியது.

இன்று ஏட்டின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுள்ளது. அதன் பயனை மறுத்தல் நீதியாகாது. ஒவ்வாத மருந்தை எழுதும் கையை அது எச்சரிக்கிறது. தவறிய தடுப்பூசியை நினைவூட்டுகிறது. ஆயினும், கருவி வந்த அளவிலேயே சிகிச்சை உயர்ந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் 2003, 2004ஆம் ஆண்டுகளின் புறநோயாளி வருகைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வொன்று, 17 தர அளவைகளுள் 14இல் கணிப்பொறிப் பதிவேட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. இரண்டில் உயர்வும் ஒன்றில் தாழ்வும் தென்பட்டன.

2009இல் அந்நாடு சட்டமியற்றி, பெரும்பொருள் ஈந்து இப்பதிவேடுகளைப் பரப்பிற்று. பின்னர், நான்கு மாநிலங்களில் 57 மருத்துவர்களின் பணியை உடனிருந்து நோக்கிய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. நோயாளிக்கு நேரடியாக அளித்த ஒரு மணிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பதிவேட்டுக்கும் மேசைப் பணிக்கும் சென்றதாம். நோயாளி அறையில் இருந்த வேளையிலும் 37 விழுக்காடு அவற்றிலேயே கழிந்ததாம்.

குற்றம் கருவியுடையதன்று. காப்பீட்டுக் கணக்குக்கும் நிருவாகத்துக்கும் வேண்டிய விவரங்களையெல்லாம் மருத்துவரின் விரல்களே நிரப்பவேண்டும் என்று விதித்தவர் மனிதரே. நினைவின் சுமையை இறக்க வந்த ஏடு, எழுத்தின் சுமையை ஏற்றிற்று.

நோயாளி தம் உடலை மட்டுமா அமானிதமாக ஒப்படைக்கிறார்? தம் சொல்லையும், சொல்லத் தயங்கும் மௌனத்தையும் சேர்த்தே ஒப்படைக்கிறார். “வேறொன்றுமில்லை” என்று கூறி எழும் மூதாட்டியின் முகத்தில் இன்னொன்று எஞ்சியிருக்கலாம். அதைப் பதிய எக்கட்டமும் இல்லை. திரையில் பதிந்த கண் அதைக் காண்பதுமில்லை.

ஆகவே, ஒரு மருத்துவமனை கணிப்பொறி வாங்கிற்றா என்பது சிறிய வினா. அதனால் மிஞ்சிய நேரம் யாருக்குச் சேர்ந்தது என்பதே பெரிய வினா. அது நோயாளிக்குத் திரும்பினால் அக்கருவி ஓர் அருட்கொடை. திரும்பாவிடில், நோயாளிக்கு உரிய ஹக்கு பறிபோயிற்று என்றே பொருள்.