தோல்வியிலும் நீங்காத அன்பு

2004-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அணியான ‘ரெட் சாக்ஸ்’, பேஸ்பால் விளையாட்டின் தலையாய போட்டியான உலகத் தொடரை வென்றது. அதற்கு முன் அந்த அணி அந்தப் பட்டத்தைப் பெற்றது 1918-இல். இடையில் 86 ஆண்டுகள் கடந்திருந்தன.

நகரத்துத் தெருக்களில் ஆரவாரம் எழுந்தது. அது இயல்பே. ஆனால் அடுத்து வந்த நாட்களில் வேறொரு காட்சியும் காணப்பட்டது. பலர் கல்லறைத் தோட்டங்களை நாடிச் சென்றார்கள். இந்த வெற்றியைக் காணாமலேயே மறைந்துபோன தந்தையின், பாட்டனாரின் கல்லறை மீது அணியின் கொடியையும், தொப்பியையும், வெற்றிச் செய்தி தாங்கிய நாளிதழையும் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

சிந்தித்துப் பார்த்தால் இது விந்தையானது. ரசிகன் பந்தை வீசவில்லை, மட்டையை ஏந்தவில்லை, பரிசுத் தொகையில் அவனுக்குப் பங்கும் இல்லை. பிறர் ஆடிப் பெற்ற வெற்றி அவனது கண்களை ஏன் நனைக்கிறது? அந்த மகிழ்ச்சி அறியாமையா, வெறும் பற்றா, அல்லது அதற்குள் உயர்ந்தது ஏதேனும் உண்டா?

மீண்டெழுந்த நான்கு ஆட்டங்கள்

அந்த ஆண்டு உலகத் தொடருக்குள் நுழைய வேண்டுமானால், பாஸ்டன் அணி தன் நீண்டகால எதிரியான நியூயார்க் ‘யாங்கீஸ்’ அணியை வென்றாக வேண்டும். ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்பவருக்கே வாய்ப்பு. முதல் மூன்று ஆட்டங்களிலும் பாஸ்டன் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில் சொந்த மண்ணிலேயே 19-8 என்ற கணக்கில் பெருந்தோல்வி. முதல் மூன்றையும் இழந்த அணி அடுத்த நான்கையும் வென்றதாக அமெரிக்கப் பெரும் பேஸ்பால் போட்டிகளின் வரலாற்றில் அதுவரை ஒரு சான்றும் இல்லை.

நான்காவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் நியூயார்க் 4-3 என முன்னணியில் இருந்தது. பந்து வீசியவர் மரியானோ ரிவேரா. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அவரை மிஞ்சியவர் இல்லை என்று பெயர் பெற்றவர். அப்போது, முதல் தளத்தில் நின்ற ஆட்டக்காரருக்குப் பதிலாக ஓடுவதற்கென்றே டேவ் ராபர்ட்ஸ் களமிறக்கப்பட்டார். அவர் ஓடப் போகிறார் என்பது அரங்கில் இருந்த அனைவருக்கும் தெரியும். ரிவேராவும் மூன்று முறை பந்தை முதல் தளத்துக்கே எறிந்து அவரைத் தடுக்கப் பார்த்தார். பின்னர் மட்டையாளருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் பாய்ந்தோடி இரண்டாம் தளத்தைத் தொட்டார். அடுத்து பில் மியூலர் அடித்த அடியில் ராபர்ட்ஸ் ஓடி வந்து சேர, கணக்கு சமமாயிற்று. நள்ளிரவு கடந்து, 12-ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் அடித்த பந்து எல்லையைத் தாண்டிப் பறந்தது. பாஸ்டன் 6-4 என வென்றது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்றது. அதன்பின் உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியை ஓர் ஆட்டமும் இழக்காமல் வீழ்த்தியது.

அந்தத் தொடரில் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட மட்டை ஏந்தவில்லை. அவருக்குக் கிடைத்தது சில நொடிகள் ஓடும் வேலை மட்டுமே. சிறு கடமையாயினும் அதற்குரிய நேரத்தில் முழு மனத்துடன் செய்யப்பட்டால் எத்துணைப் பெரிதாகும் என்பதற்கு அது ஒரு சான்று.

வீணாய்ப் போனதா காத்திருப்பு?

1918-க்கும் 2004-க்கும் இடையே பாஸ்டன் அணி நான்கு முறை உலகத் தொடரை எட்டியது: 1946, 1967, 1975, 1986. நான்கு முறையும் ஏழாவது ஆட்டம் வரை சென்று தோற்றது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் அடுத்த வசந்தத்தில் மக்கள் மீண்டும் அரங்கிற்கு வந்தார்கள்.

இவ்வாறு காத்திருந்து, வெற்றியைக் காணாமல் இறந்த முதியவரின் வாழ்வில் அந்தக் காத்திருப்பு வீண்தானா? பலன் ஒன்றே நோக்கமெனில் வீண்தான். ஆனால் பேரனை அருகில் அமர்த்திக்கொண்டு வானொலியில் ஆட்டம் கேட்ட மாலைப் பொழுதுகள் அவருக்கு இருந்தன. தோற்ற இரவில், ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்று பேரனுக்கு அவர் சொன்ன ஆறுதல் இருந்தது. பேரன் கல்லறையில் நாளிதழை வைத்தபோது நன்றி செலுத்தியது அந்தப் பொழுதுகளுக்கே. வெற்றி அந்த நன்றியை வெளிப்படுத்த ஒரு வாய்ப்பாக அமைந்தது. நன்றிக்குரிய அன்போ தோல்விகளின் நடுவே வளர்ந்தது.

இன்ப துன்பங்களைச் சமமாகக் கொள்ள வேண்டும் என்று பெரியோர் கூறுவர். அப்படியாயின் இந்த மகிழ்ச்சியே தவறல்லவா என்று கேட்கலாம். சமநிலை என்பது நெஞ்சம் உலர்ந்துபோவதன்று. வெற்றியால் அன்பு பெருகாமலும், தோல்வியால் அது குன்றாமலும் இருப்பதே சமநிலை. மகிழ்ச்சி வரலாம், போகலாம். அன்பு நிலைத்திருந்தால் போதும்.

மகிழ்ச்சியின் நிழல்

எனினும் ரசிகனின் அன்பு முழுவதும் தூயது என்று சொல்லிவிட இயலாது. ‘என் அணி’ என்னும் சொல்லில் ‘என்’ என்பது ஓங்கும்போது, அது அகந்தையே. எதிராளியின் அவமானத்தில் இன்பம் காணும் மனம் அணியை நேசிப்பதில்லை. அணியின் பெயரால் தன்னையே நேசிக்கிறது. கட்டுமீறிய களிப்பு துயரத்தில் முடிவதும் உண்டு. நியூயார்க்கை வென்ற அதே இரவில் பாஸ்டன் அரங்கைச் சுற்றித் திரண்ட கூட்டத்தைக் கலைக்கக் காவலர் சுட்ட மிளகுப்பொடி உருண்டை பட்டு, கல்லூரி மாணவி ஒருவர் உயிரிழந்தார். ஒரு வீட்டுக்கு அந்த வெற்றி மரணச் செய்தியைக் கொண்டுவந்தது.

இதனினும் நீண்ட நிழல் ஒன்று உண்டு. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், வெற்றிக்கு மிக அருகில் வந்திருந்த பாஸ்டன் அணியின் கையிலிருந்து ஆட்டம் நழுவியது. முன்னணி ஏற்கெனவே பறிபோய்க் கணக்கு சமமான பிறகு, மெதுவாக உருண்டு வந்த பந்து பில் பக்னர் என்னும் ஆட்டக்காரரின் கால்களுக்கிடையே சென்றுவிட்டது. நியூயார்க் ‘மெட்ஸ்’ அணி அந்த ஆட்டத்தை வென்றது. அடுத்த ஆட்டத்தையும் வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. பலர் செய்த பிழைகளின் சுமை முழுவதும் அந்த ஒருவர் தலையில் ஏற்றப்பட்டது. வலிக்கும் கணுக்கால்களுடன் ஆடியவர் அவர். 22 பருவங்கள் ஆடி, 2,715 முறை பந்தை வெற்றிகரமாக அடித்தவர். அவை எல்லாம் மறக்கப்பட்டு, ஒரு நொடியே அவரது அடையாளமாயிற்று. ஏளனமும் வசையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தன. அவர் குடும்பத்துடன் தொலைவிலுள்ள ஐடஹோ மாநிலத்தில் குடியேறினார்.

அணி தோற்றபோதெல்லாம் அதைக் கைவிடாத மக்கள், தோற்ற மனிதனைக் கைவிட்டார்கள். பலனை எதிர்பார்க்கும் அன்பு, பலன் கிட்டாதபோது பழி சுமத்த ஓர் ஆளைத் தேடுகிறது.

பெரிய மீட்சி

2008-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் நாள், பாஸ்டன் நகரின் ஃபென்வே பார்க் அரங்கில் அந்தப் பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டம். மரபுப்படி முதல் பந்தை வீசுவதற்கு அழைக்கப்பட்டவர் பில் பக்னர். அவர் தனியே நடந்து வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. ஓசை அடங்க நெடுநேரமாயிற்று. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். தாமும் தம் குடும்பமும் பட்ட துன்பத்துக்காகச் செய்தி ஊடகங்களைத் தம் உள்ளத்தில் மன்னிக்க வேண்டியிருந்தது என்று பின்னர் அவர் கூறினார். 2019-இல் அவர் மறைந்தார்.

அன்று மன்னிக்கப்பட்டவர் பக்னரா, அவரை வருத்திய கூட்டமா? மைதானத்தில் ஒரு பந்தைத் தவறவிடுவது பிழை. அதற்காக ஒரு மனிதனை ஆண்டுக்கணக்கில் வருத்துவது அதனினும் பெரிய பிழை. அணி மீண்டெழ நான்கு ஆட்டங்கள் போதுமாயிருந்தன. ரசிகர்கள் மீண்டெழ ஆண்டுகள் பல தேவைப்பட்டன.

ஆனால் அன்றைய கைதட்டல் எழுந்தது இரு பட்டங்களுக்குப் பிறகு. 2007-லும் பாஸ்டன் வென்றிருந்தது. வயிறு நிறைந்தவன் மன்னிப்பது எளிது. வெற்றி வராதிருந்தாலும் அந்தக் கைதட்டல் எழுந்திருக்குமா என்பதே ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வி விளையாட்டு அரங்கோடு நிற்பதில்லை. தேர்வில் தவறிய பிள்ளை, தொழிலில் நொடித்த சகோதரன், பொதுப்பணியில் பிழை செய்த தோழன் ஆகியோர் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதும் அதே கேள்விதான் எழுகிறது. அவர்கள் மீண்டெழும் நாளில் கைதட்டப் பலர் வருவார்கள். வீழ்ந்த நாளிலேயே கதவைத் திறப்பவரின் மகிழ்ச்சிதான், வெற்றி வரும்போது, குறையேதுமின்றி நிறைவாக இருக்கும்.