நீருக்கு உரியவள்: பாலித் தீவின் பாசனக் கோயில்கள்

பாலித் தீவு உழவரின் நம்பிக்கைப்படி, நெல்வயலுக்குப் பாயும் நீர் அரசுக்கும் சொந்தமில்லை, ஊருக்கும் சொந்தமில்லை, வயலை உழுபவருக்கும் சொந்தமில்லை. பாத்தூர் எரிமலையின் பெருவாய்க்குள் கிடக்கும் ஏரியில் உறைகிற தேவி தானு என்னும் நீர்த்தெய்வத்துக்கே அது உரியது. உழவர் அதைப் பெற்றுக்கொள்கிறார். தம் பயிருக்குப் பாய்ச்சிவிட்டு அடுத்தவருக்கு விடுகிறார். இந்த நம்பிக்கையோடு சேர்ந்து வளர்ந்த பாசனச் சங்கத்துக்குச் சுபாக் என்று பெயர். மலையைக் குடைந்து வாய்க்கால் அமைத்தவர்களைப் பற்றிய குறிப்பு 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த பாலிச் சாசனத்திலேயே இருக்கிறது. சுபாக் என்ற சொல்லின் பழைய வடிவம் 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் வருகிறது. நீர் தெய்வத்தின் உடைமை என்ற எண்ணம் இந்தப் பாசனத்தின் மேல் பூசிய அலங்காரமா, அதைத் தாங்கி நிற்கும் அடித்தளமா என்ற கேள்விக்கு ஒரு தலைமுறைக் காலத்தில் தவறான விடை சொல்லப்பட்டது. அதன் விலையை உழவர்கள் நெல்லாகக் கொடுத்தார்கள்.

கேள்வியின் கனம் புரிய, தீவின் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். பாத்தூர் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லை. நீர் எரிமலைப் பாறைக்குள் கசிந்து, கீழ்ச்சரிவுகளில் ஊற்றுகளாக வெளிவருகிறது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஆறுகள் மண்ணை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுவதால், கரையிலுள்ள வயலுக்கு நேராக நீர் எடுக்க வழியில்லை. மேலே ஓரிடத்தில் சிறு அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து, சில நேரம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் சுரங்க வாய்க்காலாகக் கொண்டுபோய்த்தான் படிக்கட்டு வயல்களின் தலைமேட்டில் நீரைச் சேர்க்க முடியும். அந்த அணைக்குச் சற்றுக் கீழே அதே ஆற்றில் இன்னோர் அணை, அதற்கும் கீழே மற்றொன்று. மேலே இருப்பவர் முழுவதும் மறித்துக்கொண்டால் கீழே இருப்பவருக்கு ஆற்றுமணல்தான் மிஞ்சும். தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே உலகமெங்கும் நடக்கும் வழக்கு இங்கே ஒவ்வோர் ஆற்றிலும் பலமுறை அடுக்கடுக்காக எழக்கூடியது.

சுபாக் ஓர் ஊரின் அமைப்பு அன்று. ஒரே வாய்க்காலில் நீர் பெறும் வயல்காரர்கள், எந்த ஊரில் குடியிருந்தாலும், அதன் உறுப்பினர்கள். ஒரு சுபாக்கில் 50 முதல் 400 உழவர்கள் வரை இருப்பார்கள். தீவு முழுவதும் இத்தகைய சங்கங்கள் ஏறத்தாழ 1,200 உண்டு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவருக்குப் பெகாசே என்று பெயர். வாய்க்காலின் குறுக்கே கிடத்திய மரக்கட்டையில் வெட்டிய பள்ளங்களின் வழியே நீர் பிரிகிறது. அவரவர் பங்குக்கு ஏற்பப் பள்ளத்தின் அகலம் அமையும். ஆழம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆற்றில் நீர் குறைந்தால் எல்லாருடைய பங்கும் ஒரே விகிதத்தில் குறையும். யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை வரப்பில் நடந்துபோகிற எவரும் கண்ணால் பார்த்துவிடலாம். நியாயம் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருப்பது எந்தக் கணக்குப் புத்தகத்தைவிடவும் மேலான காவல். தூர்வாரும் வேலைக்கு வராதவருக்கும், பள்ளத்தை இரவில் அகலமாக்கியவருக்கும் என்ன தண்டம் என்பது சங்கத்தின் விதிகளில் இருக்கும்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறாக மட்டும் தோன்றலாம். ஆனால் இதன் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு கோயில் நிற்கிறது. தம் வயலில் நீர் முதலில் நுழையும் மூலையில் உழவர் சிறு மாடம் வைத்திருக்கிறார். அணைக்கட்டில் ஒரு கோயில், வயல்தொகுதியின் தலைமேட்டில் ஊலுன் ஸ்வி கோயில், பல சுபாக்குகள் கூடுமிடத்தில் மாசெத்தி கோயில், எல்லாவற்றுக்கும் மேலே எரிமலை விளிம்பில் பாத்தூர்க் கோயில். 1926இல் எரிமலைக் குழம்பு பழைய கோயிலை மூடியபோது, மக்கள் அதை மேலே கொண்டுவந்து மீண்டும் கட்டினார்கள். பாத்தூரின் தலைமைப் பூசாரியான ஜெரோ கெடே பிராமணர் அல்லர். சாதாரணக் குடியில் பிறந்தவர். சிறு வயதிலேயே, அருள் வந்த கன்னிப் பூசாரி ஒருவரின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். புதிய வாய்க்கால் வெட்டுவதற்கும் புதிய ஊற்றைப் பயன்படுத்துவதற்கும் அவரிடம் கேட்பது மரபு.

பாலியின் இந்து சமயத்துக்குத் தீர்த்தச் சமயம் என்றும் பெயர் உண்டு. மேல்கோயிலின் தீர்த்தத்தைக் கீழ்க்கோயிலார் வாங்கிவந்து தங்கள் தீர்த்தத்தோடு கலப்பார்கள். அது கடைசியில் வயலின் மூலை மாடம் வரை வந்து சேரும். ஒருவருடைய வழிபாட்டுக்கு எந்தெந்தக் கோயிலின் தீர்த்தம் வேண்டும் என்று பார்த்தால், அவருக்குப் பாசன நீர் எந்த வழியில் வருகிறது என்பதும் தெரிந்துவிடும். நீரை முதலில் வயலுக்குத் திறக்கும்போது ஒரு சடங்கு, நடவுக்கு ஒன்று, பயிர் சூல்கொள்ளும்போது நெல்தெய்வமான தேவி ஸ்ரீக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று எனப் பயிரின் பருவங்களோடு வழிபாடும் நடக்கும். மாசெத்தி கோயிலில் கூடும்போதுதான் எந்தச் சுபாக் எப்போது நாற்று விடுவது, எப்போது வயலைத் தரிசாகப் போடுவது என்பது முடிவாகும்.

இந்தத் தீவில் 1970களின் தொடக்கத்தில் பசுமைப் புரட்சி இறங்கியது. குறுகிய கால நெல், ரசாயன உரம், பூச்சிக்கொல்லி, கடன் எல்லாம் ஒரே கட்டாக வந்தன. அரசின் இலக்கு உற்பத்தியைப் பெருக்குவது. ஆகவே, பக்கத்துச் சுபாக் என்ன செய்கிறது என்று பாராமல், முடிந்தவரை அடிக்கடி நடவு செய்யும்படி உழவர்கள் வற்புறுத்தப்பட்டார்கள். கோயில் குறித்துத் தந்த முறை கைவிடப்பட்டது. திட்டமிட்டவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர்; நாட்டின் பசியைப் போக்க விரும்பியவர்கள். அவர்களுடைய கணக்கில் அணை, வாய்க்கால், விதை, உரம் எல்லாம் இருந்தன. சடங்குக்கு மட்டும் அதில் இடமில்லை, ஏனென்றால் அது ‘சமயம்’ என்ற வேறொரு பெட்டிக்குள் போய்விட்டது. முதலில் விளைச்சல் ஏறியது. பிறகு நீர்முறை குழம்பி, ஒரே நேரத்தில் பலரும் நீர் கேட்டார்கள். அதைவிடக் கொடியதாகப் பூச்சி பெருகியது. புகையான் என்னும் பூச்சி வயல்களைத் தீய்த்தது. புகையானைத் தாங்கும் ரகம் வந்தபோது துங்ரோ நச்சுயிரி நோய் அதைத் தாக்கியது. எங்கோ ஒரு வயலில் எப்போதும் பச்சைப் பயிர் நின்றதால், பூச்சிக்கும் எலிக்கும் பட்டினி கிடக்கும் காலமே இல்லாமல் போனது.

ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் 1979இல் தொடங்கிய பாலிப் பாசனத் திட்டம் மரக்கட்டைகளுக்குப் பதிலாக இரும்பு மதகுகளைப் பொருத்தியது. பல இடங்களில் உழவர்கள் அவற்றைக் கழற்றிவிட்டுப் பழையபடி கட்டையைக் கிடத்தினார்கள். 1980களில் சுபாக்குகள் ஒவ்வொன்றாகக் கோயில் முறைக்குத் திரும்பின. பழைய முறையைப் புரிந்துகொள்ளாமல் போனது பெரிய இழப்பு என்பதை வங்கியின் சொந்த மதிப்பீடும் பின்னர் ஏற்றுக்கொண்டது.

கோயில் முறைக்குள் இருந்த அறிவை வெளி உலகுக்கு விளக்கியவர் மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். அவரும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஓஸ், பெதானு ஆறுகளுக்கு இடைப்பட்ட 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் வைத்து ஆராய்ந்தார்கள். இதில் இரண்டு தேவைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. பூச்சியை அழிக்கப் பெரும்பரப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் அறுவடை செய்து, ஒரே நேரத்தில் தரிசு போட வேண்டும். நீரைப் பகிர்ந்துகொள்ளவோ ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரத்தில் நட வேண்டும். எல்லாரும் சேர்ந்து நட்டால் நீர் போதாது. தனித்தனியாக நட்டால் பூச்சி விடாது. எத்தனை சுபாக்குகள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் இரண்டு கேடும் மிகக் குறையும் என்று கணினி கண்டதோ, ஏறத்தாழ அதே அளவில்தான் மாசெத்தி கோயில்களின் குழுக்கள் அமைந்திருந்தன. அதோடு, தலைமடைக்காரர் ஏன் நீரை விட்டுக்கொடுக்கிறார் என்பதற்கும் ஒரு விடை கிடைத்தது. கீழே உள்ளவர் அஞ்சுவது நீர்ப்பற்றாக்குறைக்கு. மேலே உள்ளவர் அஞ்சுவது பூச்சிக்கு. கீழே உள்ளவருக்கு நீர் போய்ச் சேராவிட்டால் அவர் மேலே உள்ளவரோடு சேர்ந்து நட மாட்டார், அவருடைய வயலின் பூச்சி மேலே ஏறிவரும். விட்டுக்கொடுப்பதில் தலைமடைக்கும் லாபம் உண்டு.

தத்துவக் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. எல்லாருக்கும் லாபம் என்றால் தெய்வம் எதற்கு? மாசெத்தி கோயிலின் இடத்தில் ஒரு கணினியையும் பொறியாளரையும் உட்காரவைத்துவிடலாமே? சமூகவியலாளர் எமில் துர்க்கைமின் வழியில் போனால், வழிபாட்டில் மனிதர்கள் வணங்குவது தங்கள் சமூகத்தையே என்று முடித்துவிடலாம். தேவி தானு அப்போது ஒருங்கிணைப்புக்கு வைத்த அழகான பெயராகிறாள்.

இந்த விளக்கம் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறது. முறை ஏன் இத்தனை நாள் நிலைத்தது என்பதற்கு லாபம் விடையாகலாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட உழவரை அது ஏன் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு அது விடை ஆகாது. மழை நன்றாகப் பெய்து, பூச்சியும் இல்லாத ஆண்டில் தலைமடைக்காரர் கணக்குப் போட்டால் முறையை மீறுவதே லாபம் என்று தெரியும். எல்லாரும் அப்படிக் கணக்குப் போடத் தொடங்கினால் அடுத்த ஆண்டு பூச்சி வரும்போது சேர்ந்து நிற்க முறையே இருக்காது. கூட்டுப் பயன் கிடைக்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் பயனைக் கணக்கிடாத ஒரு கடமை வேண்டும். நீர் தம்முடையது அல்ல என்ற எண்ணம் அந்தக் கடமையைத் தருகிறது. தம்முடையதை விட்டுக்கொடுப்பவர் ஒருநாள் நிறுத்திக்கொள்ளலாம். பிறர் பொருளை வாங்கி அனுப்புபவருக்கு அந்த உரிமை இல்லை.

அப்படியானால் ஒவ்வோர் உழவரும் உள்ளத்தில் ஐயமின்றி நம்ப வேண்டுமா? நியூகினியின் மாரிங் மக்களின் சடங்குகளை ஆராய்ந்த ராய் ராப்பபோர்ட் இதற்குப் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டினார். நம்பிக்கை ஒருவரின் அகத்தில் உள்ளது. அது நாளுக்கு நாள் ஏறி இறங்கலாம். சடங்கில் கலந்துகொள்வது எல்லார் முன்னிலையிலும் செய்யும் ஏற்பு. மாசெத்தி கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொண்ட உழவர், மனத்தில் எவ்வளவு ஐயம் இருந்தாலும், அங்கே குறித்த நடவு நாளை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார். பிறகு மீறினால் அது வெறும் விதிமீறலாக நில்லாமல் வாக்குத் தவறியதாகவும் ஆகிறது. பொறியாளரின் சுற்றறிக்கையால் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் சுற்றறிக்கையைப் பெற்றவர் எதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

இந்த முறையை மாசற்ற பொற்காலமாகக் காட்டுவதும் பிழை. பெரும் பாசனம் இருந்தால் கொடுங்கோல் அரசு எழும் என்று கார்ல் விட்ஃபோகல் 1957இல் வாதிட்டார்; அதற்கு எதிர்ச்சான்றாகப் பாலியைக் காட்டுவது வழக்கமாயிற்று. ஆனால் பாலி அரசர்களுக்குப் பாசனத்தில் பங்கே இல்லை என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. பெரிய கோயில்களை அரச குடும்பங்கள் ஆதரித்தன, வயல்வரி வாங்கின. இன்று சுபாக்கின் தத்துவமாக எங்கும் சொல்லப்படும் ‘திரி ஹித கரண’, அதாவது தெய்வத்தோடும் மனிதரோடும் இயற்கையோடும் இசைவு என்ற மூன்று, அந்தப் பெயரில் பரவியது 1960களில்தான். இந்தோனேசிய அரசின் முன் பாலி இந்து சமயம் தன்னை ஒழுங்கான கோட்பாடாக எடுத்துரைக்க வேண்டியிருந்த காலம் அது. கோட்பாடு புதிது என்பதால் நடைமுறை பொய்யாகிவிடாது. மூலை மாடத்தில் படையல் வைத்த உழவர்கள் கோட்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை.

யுனெஸ்கோ 2012இல் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பாத்தூர்க் கோயில், ஏரி, பெகெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கு, பத்துகாரு மலைச்சரிவு, தாமன் ஆயுன் கோயில் என ஐந்து இடங்கள், 19,500 ஹெக்டேர். அதே ஆண்டு மாகாண அரசும் சுபாக்குக்கென ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் தெற்குப் பாலியில் விடுதிகளும் மாளிகைகளும் வயல்களை விழுங்குவது நிற்கவில்லை. அழகிய படிக்கட்டு வயல்களைக் காணவருபவர்களுக்காகவே அந்த வயல்கள் கட்டடமாகின்றன. இதில் பழைய முறையின் ஓர் எல்லை வெளிப்படுகிறது. தேவி தானுவின் உரிமை நீரின் மேல்தான், நிலம் தனியாருடையது. தூர்வார வராதவருக்குத் தண்டம் விதிக்கும் சுபாக்குக்கு, வயலை விற்பவரைத் தடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் இல்லை. வாய்க்காலின் நடுவே ஒரு வயல் கட்டடமானால் அதற்குக் கீழே உள்ள வயல்களுக்கு நீர்வழி கெடுகிறது. நீர் கெட்ட வயலை அடுத்தவரும் விற்கிறார். தண்டம் விதிக்கவும் தூர்வாரவும் நடவு நாள் குறிக்கவும் கூடவேண்டிய உறுப்பினர்கள் அப்படி ஒவ்வொருவராகக் குறைந்துபோகிறார்கள்.