கேட்கப் பயந்தால் காணி போகும்!

எத்தனை வருட உழைப்பு அந்தக் காசு?

கட்டாரில் வெயிலில் நின்று சேர்த்தது. சீட்டுக் கட்டிச் சேர்த்தது. தாலிக்கொடியை அடகு வைத்துச் சேர்த்தது.

அதை ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், அடுத்தவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். வாங்கப்போகும் காணியின் உறுதியை ஒரு தடவையாவது வாசித்தீர்களா?

இல்லை! ஏன் இல்லை?

"எனக்குச் சட்டம் தெரியாது." "அவர் எங்கட சொந்தக்காரர்தானே." "நொத்தாரிசு ஐயா பார்த்திருப்பார்." "கேட்டால் கோபிப்பினம்."

போதும்! இந்தச் சாட்டுகளை இன்றோடு விடுங்கள்!

ஒரு பாரை மீன் வாங்கச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள். ஆயுள் முழுவதும் உழைத்த காசைப் போடும் காணிக்கு உறுதியைத் திருப்பிப் பார்க்க மாட்டீர்களா?

திருகோணமலைப் பாலையூற்றில் ஒரு வளவு வந்திருக்கிறது என்று வையுங்கள். நகரத்துக்குப் பக்கம். கிணறும் உண்டு. "வேறு ஆளும் கேட்டவர், இன்றைக்கே முற்பணம் கொடுங்கோ" என்று தரகர் நெருக்குகிறார்.

அவசரம் அவருடையது. காசு உங்களுடையது! ஒரு கிழமை பொறுக்க மாட்டாத காணி உங்களுக்கு வேண்டாம்.

உட்காருங்கள். உறுதியை மடியில் வைத்து வாசியுங்கள். கடைசிப் பக்கத்தில் அட்டவணை இருக்கும். வடக்கே யார், கிழக்கே எது, தெற்கே ஒழுங்கையா, மேற்கே வேலியா, எத்தனை பேர்ச் என்று எழுதியிருக்கும்.

அந்தத் தாளையும் நில அளவைப் படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வளவுக்குள் நில்லுங்கள். எல்லைக்கல்லைத் தேடுங்கள். எல்லாக் கல்லும் இருக்கிறதா? படத்தில் இருக்கும் ஒழுங்கை நிலத்தில் இருக்கிறதா?

160 பேர்ச் ஓர் ஏக்கர். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. இந்தக் கணக்கைப் போட உங்களுக்குப் பட்டமா வேண்டும்? வேலி உள்ளே வந்திருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் காசைப் பார்த்துத் தயங்காதீர்கள். எல்லை வழக்கு உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை இழுபடும்!

இன்னும் ஒரு மயக்கம் நம் ஊர்களில் உண்டு. கொப்பித் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, ஜே.பி. சீல் குத்தி, காணி வாங்கிவிட்டதாக நிம்மதியாகப் படுக்கிறார்கள்.

வாங்கவில்லை! ஒன்றுமே வாங்கவில்லை!

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது: காணி கைமாற வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கூடியிருக்கக் கையெழுத்து விழ வேண்டும். ஏறத்தாழ இருநூறு வருடமாக இருக்கும் சட்டம். இன்னும் கொப்பித் தாளா?

பெமிட் காணியா? இன்னும் கவனம்! 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் படியேறிக் கேளுங்கள். கேட்க என்ன பயம்?

உறுதி முடிந்ததா? வேலை முடியவில்லை. பதிந்தாயிற்றா?

1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தை மனதில் எழுதுங்கள். உங்களுக்கு விற்றவரே அதே காணியைப் பிறகு இன்னொருவருக்கும் விற்கிறார். அந்த இரண்டாமவர் விலை கொடுத்து வாங்கி, உங்களுக்கு முந்திப் பதிந்துவிடுகிறார். மோசடியோ கூட்டுச் சதியோ இல்லையென்றால், சட்டம் அவர் பக்கம்தான் நிற்கும்!

உங்கள் உறுதி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். காணி இருக்காது.

அதனால்தான் வாங்குவதற்கு முன்பே காணிப் பதிவகத்தில் தேடச் சொல்கிறேன். வழக்கறிஞர்கள் 30 வருடம் பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். காணி ஈட்டில் இருக்கிறதா? வழக்குப் பதிந்திருக்கிறதா? விற்பவருக்கு முழுக் காணியுமா, பிரிபடாத பங்கு மட்டுமா? சீதன உறுதியில் தாயாரின் சீவிய உரித்து ஒரு வரியில் ஒளிந்திருக்கிறதா? அந்த ஒரு வரி போதும், நீங்கள் வாங்கிய வீட்டில் அவர் காலம் முடியும் வரை நீங்கள் வாசலில் நிற்க!

விற்பவர் கனடாவில் இருக்கிறாரா? அவர் சார்பில் சித்தப்பா அற்றோணித் தத்துவத்தோடு வருகிறாரா? அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்த நாளோடு அந்த அதிகாரமும் போய்விடும். வீடியோவில் அழைத்து அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இதில் சித்தப்பா கோபித்தால் கோபிக்கட்டும்!

திருகோணமலையில் இன்னொரு கேள்வியும் கேட்டே ஆக வேண்டும். இந்த நிலம் யாருடையது? 1984இல் துறைமுகத்தைச் சூழ்ந்த ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் துறைமுக அதிகார சபையின் கைக்குப் போனது. முத்துநகர் விவசாயிகளைப் பாருங்கள். பல்லாண்டாக உழுது விதைத்த வயல் அது. 2025இல் சூரிய மின் திட்டத்துக்காக அந்த வயலை இழந்து, மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களுடைய வியர்வையில் குறை இல்லை. அவர்கள் பக்கமே என் மனம் நிற்கிறது. ஆனாலும் புதிதாகக் காசு போடப்போகும் நீங்கள், போடுமுன் கேட்க வேண்டாமா?

"கந்தோரில் பதில் சொல்ல மாட்டார்கள்" என்கிறீர்களா?

எழுதிக் கேளுங்கள்! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. தமிழில் எழுதுங்கள். தமிழிலேயே பதில் வாங்குங்கள். கெஞ்ச வேண்டாம். அது உங்கள் உரிமை!

"எங்கட உறுதியே இடம்பெயர்வில் போயிற்று" என்று சிலர் அழுவதைக் கேட்டிருக்கிறேன். சுனாமியில் போனதும் உண்டு.

கண்ணைத் துடையுங்கள்! நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், வருடம் — ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கும். பெரியம்மாவிடம் கேளுங்கள். பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டைத் தேடுங்கள். போய் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள்.

உறுதி கிடைத்தாலும் காணியைக் கவனியாமல் விடாதீர்கள். பத்து வருடம் எதிர்ப்பின்றி இருந்தவர் காணிக்கு உரிமை கோர இடமளிப்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். போரால் ஊரை விட்டுப் போனவர்களின் காணியும் இப்படியே போய்விடக் கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதே என்றது. ஆனால் வழக்குப் போட அது தந்தது இரண்டே வருடம். எத்தனை பேர் அறிந்தோம்? எத்தனை பேர் அறியாமலே இருந்துவிட்டோம்?

இந்த வலிதான் என்னை இப்படிக் கத்த வைக்கிறது!

வங்கிக் கடனா? ஒரே கேள்வி: வட்டி நிலையானதா, மாறுவதா? 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வட்டியை ஒரே நாளில் 7.5இலிருந்து 14.5 சதவீதமாக்கியது. மாறும் வட்டியில் கையெழுத்து வைத்தவர்கள் அன்றுதான் பத்திரத்தைத் தேடி எடுத்து வாசித்தார்கள். தவணை கட்ட முடியாவிட்டால் ஒளிக்காதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, கடன் பெரிதானால், நீதிமன்றம் போகாமலே வங்கி நீங்கள் ஈடு வைத்த வீட்டை ஏலம் விடலாம். முதல் தவணை தவறும் முன்பே போய் முகாமையாளர் முன் உட்காருங்கள்!

இனி வீடு.

கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும் ஆடி மாதத்தில் எல்லா வளவும் அழகுதான். மாரியில் போய்ப் பாருங்கள்! வாடை அடித்து ஊற்றும் நாளில் குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? எங்கே தேங்குகிறது? பக்கத்து வீட்டு அம்மாவிடம், "2020இல் புரெவிப் புயல் வந்தபோது இந்த ஒழுங்கையில் தண்ணீர் எதுவரை ஏறினது?" என்று கேளுங்கள். எந்தத் தரகரும் சொல்லாத உண்மையை அவர் சொல்லுவார்.

கையில் ஒரு நாணயம் எடுத்துக்கொள்ளுங்கள். கொங்கிரீட் பீமின் அடியிலும் பிளாட்டின் அடியிலும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் இறுகிக் கேட்கும். ஓரிடத்தில் வெறுமையாகக் கேட்கும். அங்கே நில்லுங்கள்! மயிரிழை வெடிப்பு ஓடுகிறதா? மண்ணிறக் கசிவு தெரிகிறதா? உள்ளே கம்பி கறள் பிடித்து வீங்குகிறது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கம்தான் கொங்கிரீட்டைப் பிளக்கிறது. கடற்காற்றின் உப்பு அதற்குத் தீனி. புதுப் பெயின்ற் அதை மறைக்கும், மாற்றாது.

கட்டுகிறீர்களா? கழுவாத கடல் மணலைக் கலக்க விடாதீர்கள். மேசன் பாஸிடம் முழுக் காசையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். அத்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். மலசலக்கூடக் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி வையுங்கள். உள்ளூராட்சி மன்றத்தில் வரைபட அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். கூரை ஒழுக்கை ஆவணியிலேயே அடையுங்கள். கார்த்திகையில் வாளி வைத்துப் புலம்புவதில் என்ன பயன்?

"நான் ஏற்கெனவே ஏமாந்துவிட்டேனே!"

ஏமாந்தீர்கள். சரி. அதனால் முடிந்துவிட்டதா? வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தால் ஏமாற்றியவருக்குத்தான் லாபம்! வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லையா? வருமானம் குறைந்தவர்களுக்காக 1978இலேயே சட்ட உதவி ஆணைக்குழு உருவானது. பக்கத்து வீட்டாரோடு வேலிச் சண்டையா? மத்தியஸ்த சபைக்குப் போங்கள். கத்தியைத் தூக்க வேண்டாம், நீதிமன்றச் செலவும் வேண்டாம்.

விழுந்த இடத்திலேயே படுத்துக்கிடக்கவா இத்தனை இடப்பெயர்வைத் தாண்டி வந்தீர்கள்? தகரக் கொட்டிலில் இருந்து திரும்பி வந்து, மீண்டும் அத்திவாரம் வெட்டிய சனம் நாம். நமக்கா ஒரு தாளை வாசிக்கப் பயம்?

நாளைக்குத் திங்கட்கிழமை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உறுதி இலக்கத்தையும் நொத்தாரிசின் பெயரையும் ஒரு துண்டில் எழுதுங்கள். அடையாள அட்டையை எடுங்கள். காலையிலேயே காணிப் பதிவகத்துக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். உங்கள் முறை வந்ததும், குரலைத் தாழ்த்தாமல், "இந்தக் காணியின் பதிவைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். அதைப் பார்த்து முடிக்கும் வரை ஒரு சதமும் முற்பணம் கொடுக்காதீர்கள்!