ஆறு மாதம் எப்போதோ முடிந்துவிட்டது

போன வருடமோ அதற்கு முந்தைய வருடமோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘எம் பேண்ட்’ என்றோ ‘எம் ஸ்பைக்’ என்றோ ஒரு வரி இருந்ததா? டாக்டர் “இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று சொல்லி அனுப்பினாரா? அப்படியானால் இதைப் படிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு அந்த ஃபைலை எடுங்கள். தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் எப்போதோ முடிந்திருந்தால், நாளைக் காலையில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வேறு வேலை எதுவும் அதற்கு முன்னால் நிற்கக் கூடாது.

நம்மில் பலருக்கு “ஒன்றுமில்லை” என்ற பாதி மட்டும்தான் காதில் விழுகிறது. “ஆறு மாதம் கழித்து” என்ற மறுபாதி, மருந்துச் சீட்டை மடிப்பதற்குள் மறந்துபோகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது.

எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைச் செய்து ரத்தத்தில் விடுகின்றன. ஆரோக்கியமான உடம்பில் அவை பல வகை. சிலருக்கு வயதாக ஆக, ஒரே ஒரு செல்லின் வம்சம் மட்டும் பெருகி, ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் கொட்டத் தொடங்குகிறது. அதுதான் எம் புரதம். அது டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே இருந்து, மஜ்ஜையில் அந்தச் செல்கள் 10 சதவீதத்தைத் தொடாமல், கால்சியம், சிறுநீரகம், ஹீமோகுளோபின், எலும்பு நான்கும் அதனால் பழுதுபடாமல் இருந்தால் அந்த நிலைக்கு எம்.ஜி.யு.எஸ். என்று பெயர். இது புற்றுநோய் அல்ல. ஆனால் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோய் இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகளுக்கு முன் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் மைலோமா வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருடைய பழைய ரத்தத்திலும் இந்தப் புரதம் முன்கூட்டியே இருந்தது. அந்த ஆய்வு 2009இல் வெளியானது.

அரை நூற்றாண்டுக்கு முன் பல மருத்துவர்கள் இதைத் தீங்கற்றது என்றே எண்ணியிருந்தார்கள். மின்னசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைல் அதை ஏற்கவில்லை. 1978இல் இந்த நிலைக்கு இன்றைய பெயரை வைத்தவர் அவர்தான். இந்தப் புரதம் உள்ள 1,384 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து அவர் குழு 2002இல் வெளியிட்ட கணக்கு இது: ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு மைலோமாவோ அதைச் சேர்ந்த வேறொரு நோயோ வருகிறது. சிறிய எண்தான். அந்த 1,384 பேரில் பெரும்பாலோர் வேறு ஏதோ காரணத்தால்தான் இறந்தார்கள். ஆகவே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் சும்மா கிடந்த பிறகும் அந்த நூற்றில் ஒன்று குறையவில்லை. “ரெண்டு வருஷம் பார்த்தாச்சு, அப்படியே இருக்கு, இனி எதுக்கு?” என்று கேட்பவருக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யில் படித்து மேயோ கிளினிக்கில் பணியாற்றும் வின்சென்ட் ராஜ்குமாரும் அவருடைய குழுவினரும் 2005இல் மூன்று கேள்விகளை வைத்தார்கள். புரதம் 1.5 கிராமோ அதற்கு மேலோ இருக்கிறதா? அது ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி வகையைச் சேராததா? ஆன்டிபாடியின் உதிரித் துண்டுகளான ஃப்ரீ லைட் செயின்களின் விகிதம் தவறியிருக்கிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் இருபது ஆண்டுகளில் நோய் முற்றும் வாய்ப்பு 5 சதவீதம். மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் 58 சதவீதம். ஒரே பெயரைச் சுமக்கும் இரண்டு பேருக்கு நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டதுண்டா? கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை. முதல் தடவை ஆறு மாதத்தில், பிறகு வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறை என்பது பொது நடைமுறை. ஆபத்து மிகக் குறைந்தவருக்கு அந்த இடைவெளி நீளலாம். எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும், நீங்களாக நீட்டாதீர்கள்.

எம் பேண்ட் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டியவரின் கல்லீரல் பரிசோதனைத் தாள் எங்காவது இருக்கும். அதில் பிலிருபினை எல்லோரும் பார்ப்பார்கள், எஸ்.ஜி.பி.டி.யையும் பார்ப்பார்கள். கீழே மூன்று வரிகள் இருக்கும்: மொத்தப் புரதம், அல்புமின், குளோபுலின். அவற்றை யாரும் பார்ப்பதில்லை. மொத்தப் புரதம் 9க்கு மேல் போய், அல்புமின் மூன்றரையில் நின்றால், நடுவில் உள்ள அந்தப் பெரிய வித்தியாசம் என்ன என்று கேட்டாக வேண்டும். காசநோய், கல்லீரல் நோய், நாள்பட்ட அழற்சி இவற்றிலும் குளோபுலின் ஏறும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரேசிஸ் என்ற சோதனை. ரத்தத்தின் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு வரைபடமாக்குவார்கள். தொற்றாலோ அழற்சியாலோ ஏறியதென்றால் கடைசிப் பகுதி அகலமாக மேடிட்டிருக்கும். ஒரே வம்சத்துப் புரதம் என்றால் அதே இடத்தில் கோபுரம் போல ஒற்றை முனை எழுந்து நிற்கும். படிக்கத் தெரியாதவர்கூட வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம். லைட் செயின் மட்டும் சுரக்கும் சிலருக்கு இந்த முனை தெரியாமலே போவதும் உண்டு. ஃப்ரீ லைட் செயின் சோதனை தனியாக வேண்டியிருப்பது அதனால்தான். காரணம் புரியாத ரத்தசோகை, ஏறிக்கொண்டே போகும் கிரியாட்டினின், படுத்தாலும் விடாத முதுகுவலி இருக்கும் முதியவருக்கு இரும்புச்சத்து மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்துக் காலத்தைக் கடத்தும் டாக்டர்களே, இந்த இரண்டு சோதனைகளை எழுத உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது.

அதற்காக நாளைக்கே குடும்பத்தோடு லேப் வாசலில் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. அறிகுறி எதுவும் இல்லாத எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டல் அல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு இந்தப் புரதம் இருப்பதாக மின்னசோட்டாவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் கண்டார்கள். அத்தனை பேரையும் தேடிப் பிடித்துச் சொல்வதால் நன்மை அதிகமா, வீண் கவலை அதிகமா? இதைத் தெரிந்துகொள்ள ஐஸ்லாந்து ஒரு நாடாகவே இறங்கியது. 2016இல் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரையும் அழைத்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர், ஏறத்தாழ 80,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். சோதித்தபின் ஒரு பிரிவினருக்கு முடிவைச் சொல்லாமலே விட்டார்கள். அதற்கும் சம்மதித்துத்தான் அவர்கள் சேர்ந்திருந்தார்கள். தெரிந்துகொள்வது நல்லதா என்பதை அறிய, தெரியாமல் இருக்கச் சிலர் முன்வர வேண்டியிருக்கிறது! இப்படிப்பட்ட நிதானம் இருக்க வேண்டிய இடத்தில், பயத்தைக் காட்டி மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் இன்னொரு வரியைச் சேர்த்து விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

ஆனால் பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ மைலோமா வந்திருந்தால் கதை வேறு. அத்தகையவருக்கு இந்தப் புரதம் இருக்கும் வாய்ப்பு மற்றவரைப் போல இரண்டு, மூன்று மடங்கு. அயோவாவிலும் வட கரோலினாவிலும் பூச்சிமருந்து தெளிக்கும் ஆண்களைச் சோதித்தபோது அங்கும் ஏறத்தாழ இரு மடங்கு கண்டார்கள். முகத்தில் துணிகூடக் கட்டாமல் காலம் முழுக்க வயலில் மருந்தடித்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

இப்போது பிள்ளைகளுக்கு. “அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், பயந்துடுவார்” என்று ஆலோசனை அறையிலேயே கண்ணைக் காட்டுகிறீர்களே, அது பாசம்தான். ஆனாலும் தப்பு. ரத்தம் அவருடையது. கால் மரத்துப்போவதையும் சிறுநீர் நுரைப்பதையும் முதலில் உணரப்போகிறவரும் அவர்தான். அது முக்கியம் என்று அவருக்குத் தெரியாவிட்டால் “வயசாச்சு, அப்படித்தான்” என்று தனக்குள் வைத்துக்கொள்வார். நீங்கள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும்போது பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவார். சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டிய உடம்பில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே சொல்லுங்கள். “புற்றுநோய்” என்று சொல்ல வேண்டியதில்லை, அது உண்மையும் அல்ல. “ரத்தத்தில் ஒரு புரதம் கூடுதலாக இருக்கிறது, வருஷா வருஷம் பார்க்கணும்” என்றால் போதும். எழுபது வருடம் எத்தனையோ தாங்கிய மனுஷன் இதையும் தாங்குவார்.

பார்க்கும்போது முடிந்தவரை ஒரே லேபில் பாருங்கள். லேப் மாறினால் அளக்கும் முறையும் மாறலாம், 1.1 என்பது 1.4 ஆனது உங்கள் உடம்பினாலா, எந்திரத்தினாலா என்று டாக்டரே குழம்புவார். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த நிலையில் ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்குதான் பேசும். கண், பல், எலும்பு என்று எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் புரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்த தேதிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கலாம். அதற்குள் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, இரவில் எலும்பு வலித்தாலோ, சிறுநீர் நுரைத்துக் கால் வீங்கினாலோ, பாதம் மரத்தாலோ, படியேறுகையில் புதிதாக மூச்சு வாங்கினாலோ, சளியும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அதே வாரம் போங்கள், ஃபைலோடு.