நாலாயிரம் கண்ணும் நாற்பது அங்குலத் திரையும்

அருணகிரிநாதருக்கு இரண்டு கண் போதவில்லை. செங்கோட்டு வேலவனைப் போய்ப் பார்த்துக் கும்பிட நாலாயிரம் கண் வைத்துத் தன்னைப் படைக்காமல் விட்டானே நான்முகன் என்று கந்தர் அலங்காரத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டுக் குறை அது. இன்றைக்கு வைகாசி விசாகத் தேரின்போது திருச்செங்கோட்டு வீதிகளில் உயர்கிற செல்போன்களைப் பார்த்தால், நாலாயிரம் ஒரு பெரிய கணக்கே இல்லை. கண் வந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது இதைத்தானா?

தேர் ஓடும் நாளில் ஊர்க்காரர்களில் ஒரு பகுதி ஊரில் இருப்பதில்லை. இங்கத்து ரிக் வண்டிகள் போர் போடுவதற்காக ஒடிசா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று போய்க் கிடக்கும். சில ஆப்பிரிக்காவுக்கே கப்பலேறியிருக்கின்றன. ஊரில் இருக்கிற அம்மாயிக்கோ முழங்கால் வலி, மலைக்கு ஆயிரத்து இருநூறு படி. பேரன் லேப்டாப்பில் தேரோட்ட வீடியோவை ஓடவிட்டு, வைஃபை வழியாக டிவிக்கு அனுப்பிவிடுகிறான். ஒயர் கிடையாது. நாற்பது அங்குலத்தில் அம்மையப்பன் அசைந்து வருகிறார். அம்மாயி எழுந்து நின்று கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். “அது டிவி அம்மாயி” என்று பேரன் சிரிக்கிறான். இப்படி நடக்காத வீடு இந்தப் பக்கம் குறைவு. இருவரில் யார் சரி என்பது அவ்வளவு லேசில் தீருகிற வழக்கல்ல.

அம்மாயிக்கு முன்னோடிகள் உண்டு. 1987 ஜனவரி 25இல் தூர்தர்ஷனில் ராமானந்த சாகரின் ராமாயணம் தொடங்கியபோது, ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி, டிவி பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றியவர்கள் வடக்கே ஏராளம். அங்கே ராமராகத் தெரிந்தவர் நடிகர் அருண் கோவில் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கல்லில் இருக்கிற தெய்வம் கண்ணாடியில் இருக்காதா என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நம்மூரில் அந்தப் பதில் சட்டென்று கிடைக்கும். அதனாலேயே சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறார் என்றால் திரையில் மட்டும் விசேஷமாக இருக்கிறாரா என்பதற்கு அதில் விடை இல்லை. சைவ சித்தாந்தம் இதைவிடக் கறாரானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைத் தொடங்கும்போதே, ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறார். காண்டல், கருதல், உரை என்று அளவைகளைப் பிரிக்கிறார். டிவியில் தேரைப் பார்க்கும் அம்மாயி செய்வது காண்டலா, கருதலா?

இதற்குப் பேரன் செய்த வேலையை உற்றுப் பார்க்க வேண்டும். ‘டிவிக்கு அனுப்புவது’ என்று ஒரே பேச்சாகச் சொன்னாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. 2012இல் வந்த மிராகாஸ்ட் முறையில் கணினி தன் திரையில் இருப்பதை அப்படியே சுருக்கிக் காற்றில் விடுகிறது. டிவி விரித்துக் காட்டுகிறது. கணினியை மூடினால் டிவியும் இருண்டுவிடும். பிம்பம் போனால் பிரதிபிம்பமும் போகும் என்று வேதாந்திகள் ஆடி உவமை சொல்வார்களே, அதன் அச்சு. மறுவருடம் வந்த கூகுளின் குரோம்காஸ்ட் வேறு ரகம். அதில் யூடியூப் வீடியோவை அனுப்பினால் கணினி எதையும் கடத்துவதில்லை. இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்று முகவரியை மட்டும் சொல்கிறது. அதன்பின் டிவி தானே இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளும், கணினியை மூடிவைத்துவிட்டுப் போகலாம். குருமார்கள் செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். இவை இரண்டுக்கும் முன்பே, 2003இல் தொடங்கிய டிஎல்என்ஏ கூட்டமைப்பின் ஏற்பாடு ஒன்று உண்டு. கணினியில் சேமித்த கோப்பை டிவி வந்து வாங்கிப் போகும். போன வருடத் தேரை இந்த வருடம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. அது காண்டலும் இல்லை, கருதலும் இல்லை, நினைவு.

இதைவிட விசித்திரமானது படத்தைச் சுருக்கும் விதம். வீடியோவில் நொடிக்கு இருபத்தைந்து முப்பது படங்கள் ஓடுகின்றன. அத்தனையையும் முழுதாக அனுப்பினால் வீட்டு வைஃபை தாங்காது. அதனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எது மாறியதோ அதை மட்டும் அனுப்புவார்கள். மாறாததை டிவி முன்பு வந்த படத்திலிருந்தே எடுத்துப் போட்டுக்கொள்ளும். நடுநடுவே ஒரு முழுப்படம் போகும், அவ்வளவுதான். தீபாராதனையை இப்படி அனுப்பினால் என்ன நடக்கும்? சுடர் அசைகிறது, புகை அசைகிறது, குருக்களின் கை அசைகிறது. அவையெல்லாம் அலையேறி வருகின்றன. அலங்காரத்தில் அசையாமல் நிற்கும் மூர்த்தியோ அந்த நொடிகளில் பெரும்பாலும் பயணமே செய்வதில்லை. வீட்டு டிவியில் ஏற்கெனவே இருப்பவர்தான் அங்கே தெரிந்துகொண்டிருக்கிறார். பொறியாளர்கள் இதைச் சிக்கனத்துக்காகச் செய்தார்கள். சித்தாந்தி ஒருவர் கேட்டிருந்தால் ஒரு நாள் முழுக்க இதை வைத்துப் பேசியிருப்பார்.

கண்ணாடியில் தெய்வத்தைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சிறுவனாக இருந்த இராமலிங்கர் சென்னை வீட்டின் மாடியறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி உட்கார்ந்தபோது அதில் தணிகை முருகன் தோன்றினான் என்பது வள்ளலார் வரலாற்றில் எல்லோரும் சொல்வது. சேர்த்தலை பக்கம் களவங்கோட்டில் 1927இல் நாராயண குரு விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். கும்பிடப் போனவர் தன் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். (அணைத்துவைத்த டிவியிலும் அதேதான் தெரியும். அதைக் கும்பிடுபவர் எவரும் இல்லை.) இந்த இரண்டு கண்ணாடிகளும் வெறுமனே மாட்டிவைக்கப்பட்டவை அல்ல. ஒன்றுக்கு முன்னால் ஒரு சிறுவனின் தவம் இருந்தது, மற்றொன்றுக்கு முன்னால் ஒரு துறவியின் பிரதிஷ்டை.

ஆகமம் தெய்வத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியும் என்றே நம்புகிறது. கும்பாபிஷேகத்துக்கு முன் மூர்த்தியின் சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி யாகசாலைக்கு எடுத்துச் செல்கிறார்கள். வேள்விகள் முடிந்தபின், யாகசாலையிலிருந்து கருவறை வரை தர்ப்பைக் கயிறும் நூலும் கட்டித் திரும்பச் சேர்ப்பிக்கிறார்கள். நாடி சந்தானம் என்று அதற்குப் பெயர். இது கம்பி வழி! மேலே போகும் கயிற்றைப் பார்க்கிறவர்களுக்குக் கேபிள் ஒயர் ஞாபகம் வராமல் இருக்காது. ஆனால் அந்தக் கயிற்றின் இரு முனையிலும் மந்திரம் இருக்கிறது, வரவேண்டும் என்கிற வேண்டுகோள் இருக்கிறது. வைஃபையில் யாரும் யாரையும் எழுந்தருளும்படி கேட்பதில்லை. உற்சவரும் இப்படி இடம் மாறுகிறவர்தான்: திருச்செங்கோட்டு விழாவில் மலையில் இருப்பவர் ஊருக்குள் இறங்கி வருகிறார். ஏற முடியாதவர், ஒரு காலத்தில் ஏற விடப்படாதவர், எல்லோர் வீட்டு வாசலுக்கும் சாமி வருவதற்கு மரபு கண்டுபிடித்த வழி அது. அதிலும் வடம் பிடிக்க ஆள் வேண்டும், தோள் கொடுக்க ஆள் வேண்டும்.

உடம்பு இல்லாமல் நடக்காது என்பதை 2020 மே 4 நன்றாகக் காட்டியது. ஊரடங்கில் மதுரை மீனாட்சி திருக்கல்யாணத்தைச் சில பட்டர்கள் மட்டும் நடத்த, மற்றவர்கள் இணைய நேரலையில் பார்த்தார்கள். கோயிலில் அந்த வேளையில் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் அன்று வீட்டில் திரைக்கு முன்னால் மாற்றிக்கொண்டார்கள். நேரலை என்கிறோமே தவிர, இணையத்தில் வரும் படம் சில நொடி, சில நேரம் அரை நிமிடம்கூடப் பிந்தித்தான் வரும். அவர்கள் பார்த்த முடிச்சு ஏற்கெனவே போட்டு முடிந்தது. முகூர்த்தம் தவறியதாக யாரும் சொல்லவில்லை. திரையை வெறும் காட்சியாக விடாமல் ஒரு கைவேலையால் அதைச் சடங்காக்கியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

உடம்பு என்று வந்துவிட்டால் திருச்செங்கோட்டில் சத்தியப் படிகளைப் பற்றிப் பேசாமல் தீராது. மலையேறும் வழியில் அறுபது படிகள் அவை. கடன் தகராறோ வரப்புத் தகராறோ, அந்தப் படியில் நின்று சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது என்பது ஊர் வழக்கம். டிவிக்கு முன்னால் நின்று, திரையில் தெரியும் அறுபதாம் படியைக் காட்டிச் சத்தியம் செய்தால் எதிராளி ஒப்புவானா? மாட்டான். இத்தனைக்கும் உச்ச நீதிமன்றம் ஒப்புகிறது: மகாராஷ்டிர அரசுக்கும் பிரபுல் தேசாய்க்கும் இடையிலான வழக்கில், அமெரிக்காவிலிருந்த மருத்துவரின் சாட்சியத்தை வீடியோ வழியாகப் பதிவு செய்யலாம் என்று 2003இல் தீர்ப்பு வந்தது. நேரில் பார்ப்பதும் கேட்பதும் அதிலும் நடக்கிறது, அது மாயக் காட்சி அல்ல, உடல் அங்கே இருந்தாக வேண்டியதில்லை என்பது அதன் சாரம். நீதிமன்றத்துக்குப் போதுமானது ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போதவில்லை என்றால் காரணம் இருக்கிறது. நீதிபதி சாட்சியைப் பார்த்தால் போதும். சத்தியம் செய்கிறவனையோ சாமி பார்க்க வேண்டும்.

தரிசனத்திலும் இதுதான் பாதி. பக்தன் பார்ப்பது மட்டும் தரிசனம் அல்ல, பார்க்கப்படுவதும்தான். அதற்காகத்தான் சிலைக்குக் கடைசியில் கண் திறக்கிறார்கள். படம் பிடிக்கிற கேமரா ஒரு பக்கம்தான் பார்க்கும். அதுவும் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. மூலவரைப் படம் பிடிக்கத் தமிழகக் கோயில்கள் பொதுவாக விடுவதில்லை; 2022 டிசம்பரில் திருச்செந்தூர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களுக்குள் செல்போனுக்கே தடை போடச் சொன்னது. ஆகவே அம்மாயியின் டிவியில் அம்மையப்பனாகிய மாதொருபாகன் மூலவராக வரப்போவதில்லை. அவர் காலடியில் ஊறும் தேவதீர்த்தத்தையும் எந்த அலைவரிசையும் கொண்டுவந்து உள்ளங்கையில் ஊற்றாது.

அப்படியானால் அம்மாயி கும்பிட்டது வீணா? அதுவும் இல்லை. அசிசியின் புனித கிளாரா 1252 கிறிஸ்துமஸ் இரவில் நோய்ப்படுக்கையில் கிடந்தபோது, போக முடியாத கோயிலின் பூசையைத் தன் அறையிலேயே கண்டாள், கேட்டாள் என்று கத்தோலிக்கர் நம்புகிறார்கள். அதற்காகவே 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவளைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக்கினார். நம் பக்கம் பூசலார் இருக்கிறார். திருநின்றவூர்க்காரரிடம் கோயில் கட்டப் பணம் இல்லை. மனத்துக்குள்ளேயே அடிக்கல் நாட்டி, மதில் எழுப்பி, குளம் வெட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கல்லால் கோயில் கட்டிய பல்லவ மன்னனிடம், உன் விழாவைத் தள்ளிவை, அன்று நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று சிவன் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். பூசலாரிடம் இல்லாதது பணம் மட்டும்தான். உழைப்பில் ஒரு செங்கல் குறையவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு சோபாவில் சாய்கிறவர் பூசலாரைத் துணைக்குக் கூப்பிட முடியாது. முழங்கால் விடாத அம்மாயி கூப்பிடலாம். மத்தியப் பிரதேசத்தில் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி செல்போனில் தேரைப் பார்க்கும் பையனும் கூப்பிடலாம்.

போகக்கூடியவர்கள் போகாமலிருப்பதற்குத் திருச்செங்கோட்டுக் கருவறையிலேயே ஒரு பதில் நிற்கிறது. பிருங்கி முனிவர் சிவனை மட்டும்தான் வலம் வருவேன் என்றார். அம்மை நெருங்கி உட்கார, வண்டாகி நடுவே துளைத்துக்கொண்டு அப்பனை மட்டும் சுற்றினார். அம்மை தன் பங்கைத் திரும்பக் கேட்டாள். அந்தப் பங்கான சதையும் ரத்தமும் போய், முனிவர் நிற்க முடியாத எலும்புக்கூடானார். விழாமல் இருக்க மூன்றாவது கால் ஒன்று கிடைத்தது. இதன் பிறகுதான் பிரிக்க முடியாதபடி அம்மையும் அப்பனும் ஒரே உடம்பானார்கள். வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிற பக்தி என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கதை போதும். கண்ணுக்கு எட்டுவதை வைத்துக்கொண்டு, நடப்பது, வியர்ப்பது, கூட்டத்தில் இடிபடுவது, தீர்த்தத்துக்குக் கை நீட்டுவது ஆகியவற்றை வேண்டாமென்று விடுவதும் அதே பிடிவாதம்தான்.

ஆகவே, பேரனுக்கு ஒரு வேண்டுகோள். சிரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாயிக்குத் தேரை ஒழுங்காகப் போட்டுக் காட்டவும். ரவுட்டர் தூரத்தில் இருந்தால் படம் நின்று நின்று வரும், டிவி பக்கமாக மாற்றி வைக்கவும். முடிந்ததும் கிளம்பிவிடலாம். படியேற மனமில்லை என்றாலும் சாக்கு இல்லை: மலை உச்சி வரைக்கும் தார் ரோடு இருக்கிறது.