அறச்சினமும் குளிர்ச்சியும்

அநீதி கண்டு எழும் சினம் அறத்தின்பாற்பட்டது. ஆயின் அச்சினம் எவ்விடத்தில் முடிதல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண்டல் எளிதன்று. கண்ணகி கதை இவ்வினாவையே உயிராகக் கொண்டது. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும், மட்டக்களப்பு வாவியின் இருகரை ஊர்களிலும் ஓதப்பட்டுவரும் கண்ணகி வழக்குரையும் இதற்கு இருவேறு விடைகளைத் தருகின்றன. இரண்டன் மாந்தரையும் களங்களையும் ஒப்புநோக்கின் இவ்வேறுபாடு இனிது புலனாகும்.

சிலப்பதிகாரக் கண்ணகி புகார் நகரத்து வணிகன் மகள். கணவன் பிரிந்தபோதும் அங்கு அவள் வெகுண்டிலள். மதுரையிலோ அரசவையில் தனித்து நின்று வழக்குரைக்கின்றாள். தன் தவறுணர்ந்த பாண்டியன் அக்கணமே உயிர் துறக்கின்றான். நீதி அத்துடன் நிறைவுற்றது எனலாம். எனினும் அதன் பின்னரே நகர் எரிகின்றது. அறவோர், மூத்தோர், குழவிகள் முதலியோரை விலக்குமாறு அவள் தீக்கடவுளைப் பணித்தாள் என்பது உண்மையே. ஆயினும் அழிவு அவ்வளவில் அமையவில்லை. நாட்டில் மழை பொய்த்து நோய் மிகவே, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான் என உரைபெறு கட்டுரை கூறும். ஒருவன் செய்த வஞ்சனைக்கு ஆயிரவர் உயிர் ஈடாயிற்று. கண்ணகியோ சேரநாட்டு மலையில், வேங்கை நிழலிலிருந்து விண்ணேகினாள். அவள் மீண்டும் எந்த ஊருக்குள்ளும் வாழ வந்தாளில்லை.

பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் பதிப்பாக 1968ஆம் ஆண்டு அச்சேறிய வழக்குரையில் கதை வேறிடத்தில் தொடங்குகின்றது. மாங்கனியில் தோன்றிய குழந்தையால் மதுரைக்கு அழிவு நேரும் என அஞ்சிய பாண்டியன், அதனைப் பேழையிலிட்டுக் கடலில் விடுகின்றான். ஆகவே பிற்காலத்தில் அவள் எதிர்நின்று வழக்குரைக்கும் அரசன், முன்னரே அவளைக் கைவிட்டவன். அநீதி சிலம்பினால் விளைந்ததன்று. அரசனின் அச்சத்தில் விளைந்தது. முடிவும் வேறானது. மதுரையை எரித்த கண்ணகி இடைச்சேரியை அடைய, ஆயர் மகளிர் அவள் வெம்மையைத் தணிக்கின்றனர். குளிர்ச்சிக் காதை என்னும் பகுதி இதனைப் பாடுவது. ஈண்டுச் சாந்தி செய்வோர் அரசரல்லர்; எளிய பெண்டிர். சிந்தப்படுவது குருதியன்று, குளிர்மை.

இம்மாற்றத்திற்கு நிலமும் ஒரு காரணமாகும். வாவிக்கரையில் மாரி ஓய்ந்து வெயில் மிகுவது வைகாசித் திங்கள். வெப்பமும் அம்மை நோயும் அஞ்சப்பட்ட அக்காலத்திலேயே கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நிகழும். வேப்பிலையும் நீரும் கொண்டு நிகழும் திருக்குளிர்த்தியில் தெய்வத்தின் சினமும் நிலத்தின் வெம்மையும் ஒருங்கே தணிவதாக மக்கள் நம்புகின்றனர். பூசலுங்கூட இங்கே விளையாட்டாகின்றது. ஊரவர் கோவலன் கட்சி, கண்ணகி கட்சி எனப் பிரிந்து கொம்பு முறிப்பர்; முறிவது கொம்பேயன்றி உறவன்று.

குளிர்தல் என்பது மறத்தலோ, அநீதியோடு இணங்கிப்போதலோ என ஒருவர் ஐயுறலாம். காதைகளின் வைப்புமுறையே அதற்கு விடை தருகின்றது. வழக்குரைத்த காதை முன்னும் குளிர்ச்சிக் காதை பின்னுமே அமையும். வழக்குக் கேட்கப்படாத இடத்தில் குளிர்ச்சியை வேண்டுவது பாதிக்கப்பட்டோரின் வாயடைப்பதாகும்; வழக்குக் கேட்கப்பட்ட பின்னரும் எரித்துக்கொண்டேயிருப்பது குற்றமற்றோரை வதைப்பதாகும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் இழப்புக்களை அறிந்த இக்கரைகளுக்கு இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று.

சிலப்பதிகாரம் சினத்தின் நியாயத்தை உலகறிய நிறுவியது. அச்சினம் தணிவதற்குரிய முறையை வாவிக்கரை மக்கள் அதனோடு சேர்த்தனர். முதலில் செவிமடுத்தல், பின்னர் குளிர்வித்தல் என்பதே அம்முறை.